பள்ளிமேடு

மேற்கு முகடு நிலச்சரிவுக் கண்காணிப்பு நிலையம்
பணியில்: தெரசா அந்தோணி, நிலவியல் ஆய்வாளர். தனியாள்.

14 நவம்பர் 2074, காலை 8:00

மழை தொடர்கிறது. மலைக்குள் புதைத்த ஒளியிழைகள் எல்லாம் வேலை செய்கின்றன. மண் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் இங்கே திரையில் தெரியும். கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் அமைதி. போன மாத ஒத்திகையில் எல்லோரும் ஒழுங்காகப் பள்ளிமேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அதைப் பாதுகாப்பான இடமாகத் தேர்ந்தெடுத்தது நான்.

பகல் 12:40

லயன் வீடுகளுக்கு மேலுள்ள சரிவு நகர்கிறது. சைரன் கொடுத்தேன். ஊர் எச்சரிக்கைக் குழுத் தலைவி பூங்காவனம் வாக்கி டாக்கியில்: "எல்லாரும் மேட்டுக்கு வந்தாச்சு டீச்சரம்மா. படுக்கையில கெடந்தவங்களையும் கட்டிலோட தூக்கியாந்துட்டோம்."

ஒத்திகை நடத்தியதால் நான் அவர்களுக்கு டீச்சர்.

1:25

பள்ளிமேட்டின் அடியில் அசைவு. ஒரே ஒரு இழை. கருவிக் கோளாறாக இருக்கலாம். கொட்டும் மழையில் மறுபடியும் அலைக்கழித்து, ஒன்றும் நடக்காமல் போனால், அடுத்த சைரனுக்கு யாரும் வீட்டைவிட்டு வரமாட்டார்கள். இன்னொரு அளவீடு வரட்டும்.

1:55

வந்துவிட்டது. மேடு முழுவதும் நகர்கிறது. ஓடையைத் தாண்டிக் கிழக்குப் பாறைக்குப் போகச் சொன்னேன்.

"நீங்கதானே இங்க வரச் சொன்னீங்க?"

"ஆமா பூங்காவனம். இப்ப அங்க இருக்கக் கூடாது. உடனே கெளம்புங்க."

"எப்பத் தெரிஞ்சுது?"

"இப்பத்தான்."

பொய்.

2:15

"நடக்க முடிஞ்சவங்க பாறைக்குப் போயிட்டாங்க. ஓடையில தண்ணி ஏறிருச்சு, கட்டிலத் தூக்கிட்டுத் தாண்ட முடியல. நான் இவங்ககூட இருக்கேன்."

அவர்களை விட்டுவிட்டு வா என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

"அழாதீங்க டீச்சரம்மா. தெரிஞ்ச ஒடனே சொல்லிட்டீங்கல்ல."

1:25-க்கு ஓடையில் முழங்கால் தண்ணீர்தான். அப்போதே சொல்லியிருந்தால் கட்டில்கள் தாண்டியிருக்கும். இதை யார் எடுத்துப் படித்தாலும் 1:25 பதிவை விட்டுவிட வேண்டாம்.

2:22

மேடு போய்விட்டது. வாக்கி டாக்கியில் இரைச்சல். கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன்

நேரம் பார்க்கவில்லை

பாறையிலிருந்து இன்னொரு வாக்கி டாக்கியில் ஒரு குரல். வேலாயுதம். பூங்காவனத்தின் கணவர்.

"மீட்புப் படை வர நேரமாகுமாம். நாங்க இங்கயே இருக்கலாமா? நீங்க சொல்றபடி கேக்கணும்னு பூங்காவனம் சொல்லித்தான் எங்கள அனுப்புச்சு."

பாறைக்கு மேலே உள்ள மண்ணில் ஒரு இழை அசைகிறது. ஒன்றே ஒன்று.

"உறுதியாத் தெரியல. ஆனா அங்க இருக்காதீங்க, நகருங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பூங்காவனத்திடம் இப்பத்தான் என்று சொன்னது பொய், எனக்கு முன்பே தெரியும், அரை மணி நேரம் சும்மா இருந்தேன் என்பதையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஒரு குழந்தை இருமியது.

"அத அப்பறம் பேசிக்கலாம். எந்தப் பக்கமாப் போகணும், அத மட்டும் சொல்லுங்க."