மவுஸ் செத்த ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தோழிக்கு,

இன்று காலை அலுவலகத்துக்குப் புதிய கீபோர்டு வந்தது. பெட்டியைப் பிரித்ததும் குப்பென்று எழுந்த பிளாஸ்டிக் வாசத்தில் நீ வந்து நின்றாய். புது கீபோர்டு வந்தால் நீதானே முதலில் தொடுவாய்! மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, "ஏளா, புதுத்துணி மாதிரி மணக்கு பாரு" என்பாய்.

துறைமுகச் சாலையில் ஏற்றுமதிக் காகிதங்கள் பார்க்கும் நம் அலுவலகத்தில் நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் நாசரேத்து வாத்தியார் வீட்டுப் பெண். கதவைச் சாத்தினால்கூடச் சத்தம் வராமல் சாத்துவேன். நீ தருவைகுளத்துக்காரி, நீ படியேறும்போதே மாடிக்குக் கேட்கும். உன் பழைய லேப்டாப்பில் அம்பை நகர்த்தும் டச்பேட் உப்புக்காற்றில் கெட்டுப்போக, கல்லூரிக் காலம் முழுக்க விசைகளை மட்டும் வைத்தே ஓட்டியவள் நீ. மவுஸைப் பிடித்துக்கொண்டு நான் தடவுவதைப் பார்த்தால் உனக்குப் பொறுக்காது. "அந்த எலிய விடுளா. கைய எடுத்து எடுத்து வைக்கதுக்குள்ள கப்பலே போயிரும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நிஜமாகவே நடக்கப் பார்த்தது.

மாப்பிள்ளையூரணி அண்ணாச்சி முதன்முதலாக இறால் ஏற்றுமதி செய்கிறார். கன்டெய்னர் லாரி துறைமுக வாசலில் நிற்கிறது. கப்பல் அன்று மாலை கிளம்புகிறது. சென்னைத் தலைமை அலுவலகம் காகிதங்களைச் சரிபார்த்து அனுமதி அனுப்பினால்தான் லாரி உள்ளே போகும். ஸ்கேன் செய்தவர்களோ, அண்ணாச்சியின் காகிதங்களையும் இன்னொரு கம்பெனியின் காகிதங்களையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி வைத்திருந்தார்கள். "கலந்து கிடந்தா நாங்க எடுக்க மாட்டோம். அரை மணி நேரத்துல பிரிச்சுப் போடுங்க" என்று சென்னையிலிருந்து போன். ஆளுக்கொரு ஃபோல்டர் திறந்து வைத்துக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தேன். மவுஸின் சிவப்பு விளக்கு அணைந்துபோனது. பிடுங்கிச் சொருகினேன், தட்டினேன், ஊதினேன். வரவில்லை. கடைகள் எல்லாம் அடைப்பு. அண்ணாச்சி போனில், "தங்கச்சி, இந்தக் கப்பல விட்டா வாங்குதவன் கைய விரிச்சிருவான்" என்றார்.

நான் போனில் கூப்பிட்டதும், கோயிலில் பூசை முடிந்து, கட்டிய சேலையோடு நீ வந்தாய். "எலி செத்துட்டா? நல்லதாப் போச்சு. தள்ளி உக்காரு. நீ திரையப் பாத்துப் பேரச் சொல்லு, நான் அடிக்கேன்."

கன்ட்ரோலை அழுத்திப் பிடித்தபடி அம்புக்குறியில் இறங்கினாய். நான் "இது அண்ணாச்சியது" என்றதும் ஸ்பேஸ் பாரில் ஒரு தட்டு. "இது இல்ல" என்றால் தாண்டி அடுத்ததற்கு. பட்டியல் முடிந்ததும் கன்ட்ரோல் எக்ஸ். தேர்ந்தெடுத்தவை எல்லாம் மங்கலாயின. ஆல்ட் டேப் அடித்து அடுத்த ஜன்னல். கன்ட்ரோல் வி. எல்லாம் போய் விழுந்தன. நான் பெருமூச்சு விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தேன். விழுந்தது அந்த இன்னொரு கம்பெனியின் ஃபோல்டரில்!

நான் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டேன். நீயோ நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாய். "வீடு மாறிப் போயிட்டு. இரு, கூப்பிடுதேன்." கன்ட்ரோல் இசட். அத்தனையும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தன! மறுபடி வெட்டி, சரியான ஃபோல்டரில் சேர்த்தாய். ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்தோம். சென்னைக்குச் சொன்னோம். அதன்பின் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். நீ என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாய்.

போன் அடித்தது. "தங்கச்சி, வண்டி உள்ள போயிட்டு!"

நீ நாற்காலி மேல் ஏறிக் கூவினாய். என்னையும் இழுத்து ஏற்றினாய். சாயங்காலம் கடற்கரையில் நின்று, எது அண்ணாச்சியின் கப்பல் என்று தெரியாமல், கண்ணில் பட்ட கப்பலுக்கெல்லாம் கையாட்டினோம்.

அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோனது. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீடே அமைதியாக் கெடக்கு மக்களே" என்று மட்டும்தான் சொன்னார்கள்.

போன வாரம் பழைய கணினியிலிருந்த எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றும் வேலை எனக்கு வந்தது. மேலாளர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மவுஸைத் தொடவே இல்லை. கடைசி ஃபோல்டர் போய்ச் சேர்ந்ததும், என்னை அறியாமல், அந்த மாடியே அதிரும்படி "போயிட்டுளா!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்பென்றால் தலையைக் குனிந்திருப்பேன். அன்று நான் சிரித்துக்கொண்டே, இன்னொரு தடவையும் கத்தினேன்.