வைகாசியில் மங்கி குல்லா

என்னங்க,

நைட் ஷிப்ட் முடிந்து நீங்கள் வரும்போது நான் கம்பெனி பஸ் ஏறியிருப்பேன். இட்லியைச் சுட வைத்துக்கொள்ளுங்கள். தக்காளிச் சட்னி மூடி வைத்திருக்கிறேன்.

முந்தாநாள் டாக்டர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். கட்டியை முழுசாக எடுத்தாகிவிட்டது. மார்பில் மறுபடி வராமலிருக்க ஐந்து வருடம் மாத்திரை போட்டால் நல்லது, ஆனால் உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், "யோசிச்சு ஆரம்பிங்க" என்றார். வரும் வழியெல்லாம் நீங்கள் பஸ் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "நீ போம்மா, ஒரு வேல இருக்குது" என்று போய்விட்டீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

சித்திரையில்கூட கால் குடையுது என்று ஃபேனை அணைக்கிற மனுஷன் நீங்கள். கொதிக்கிற உடம்போடு இனி உங்கள் பக்கத்தில் படுக்க முடியாதே என்று நினைத்துத்தான் மாத்திரை அட்டையைப் பிரிக்காமலே ஃப்ரிட்ஜ் மேல் போட்டிருந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு ஹாலில் படுக்கிறேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்று காலை பீரோவில் துண்டு தேடினேன். உங்கள் சட்டைகளுக்கு அடியில் புது மங்கி குல்லாவும் கம்பளி சாக்ஸும் இருந்தன. இந்த வைகாசி வெயிலில் எந்தக் கடைக்காரர் தேடி எடுத்துக் கொடுத்தாரோ. தனியாக நின்று சிரித்தேன், வெகுநாளைக்குப் பிறகு.

முதல் மாத்திரையைப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து உங்களுக்குப் பகல் ஷிப்ட். ராத்திரி ஃபேன் ஐந்தில்தான் ஓடும், குல்லாவை ஒளித்து வைக்க வேண்டாம். ஹாலிலிருந்த என் தலையணையை உங்கள் தலையணைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் ஜெனரல் ஷிப்ட்டுக்காரி