கோ டின்னை ஏன் இறக்கவில்லை

பிப். 1, செவ்வாய்

மூடுபனி. மைதானத்தின் அந்தக் கோடி தெரியவில்லை. சுண்ணாம்புக் கோடு நானே போட்டேன். எட்டு மட்டைக்குப் பிடி சுற்றணும். லத்தா கடைத்தெருவில் நல்ல நாடா கிடைக்கும்.

கல்கத்தா கிளப் ஒன்றிலிருந்து கடிதம். ஹாக்கிக் கோச்சாக வரச் சொல்லி. முழு நேர வேலை. இங்கே ரங்கூனில் பட்டறை டீமுக்கு வந்து ஆறு வருஷம். பகலில் ஸ்டோர் கிளார்க்கு, சாயங்காலம் கோச்சு. முழங்கால் போய் ஆட்டத்தை விட்ட நாளிலிருந்து இப்படி ஒரு கடிதத்துக்குத்தான் காத்திருந்தேன். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மா செயின் கடைக்குப் போனேன்.

மைதான வாசலில் அவள் மொய்ங்கா கடை, சேமியாவில் மீன் குழம்பு ஊற்றித் தருவாள். குழம்பில் இன்று காரம் கூட. மரம் ஏற்ற வந்த கப்பலின் மாலுமி ஒருவன், கனடாக்காரன், சொன்னதைச் சொன்னேன். அவன் ஊரில் ஏரி உறைந்ததும் அதன் மேலேயே ஹாக்கியாம்.

"ஐஸ் மேலயா? விழுந்து எந்திரிக்கவே நேரம் பத்தாதே, சயா!"

வாத்தியாரை இங்கே சயா என்பார்கள், கோச்சையும்தான். அவள் சிரித்தால் கன்னத்தில் பூசிய தனக்கா மரப்பட்டைச் சாந்தில் கீறல் விழுகிறது. கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

பிப். 3, வியாழன்

பயிற்சி. கோல்கீப்பர் கோ டின், மா செயினின் தம்பி, இடப்பக்கம் வந்த நாலு பந்தையும் விட்டான். நாலுமே மெதுவான பந்து. எல்லாரும் போனபின் வலது கண்ணைப் பொத்தச் சொல்லி விரல் எண்ணச் சொன்னேன்.

"எத்தனை?"

"மூணு."

நான் கையையே தூக்கவில்லை.

மழைக்காலத்தில் கடைசல் இயந்திரத்திலிருந்து இரும்புச் சில் இடது கண்ணில் தெறித்ததாம். யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். என் காலைப் பிடித்துக்கொண்டான்.

"அக்காகிட்டயும் சொல்லாதீங்க, சயா. அழுதே ஊரைக் கூட்டிரும்."

வாக்குக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகணும், இனி கோலில் நிற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. பந்து கல் மாதிரி. இன்னொரு கண்ணும் போனால்?

பிப். 5, சனி

பெயர்ப் பட்டியல் ஒட்டினேன். கோல்: சவரிமுத்து. கப்பு ஆட்டத்துக்கு ஒரே வாரம். ஒரே கசமுசா. மானேஜர் துரை கூப்பிட்டுக் கேட்டார். ஃபார்ம் சரியில்லை என்றேன்.

மா செயின் கிண்ணத்தை வைத்த வேகத்தில் குழம்பு சிந்தியது.

"உங்க தமிழாளுன்னு சவரிமுத்துவைப் போட்டீங்களா?"

"இல்லை."

"பின்ன என்ன?"

சிந்திய குழம்பைத் துணியால் துடைத்தேன்.

"நாளையிலேர்ந்து வேற கடை பாருங்க, சயா."

வாங்க: எலுமிச்சம்பழம் மூன்று டஜன், ஷூ லேஸ். முடி வெட்டணும்.

பிப். 12, சனி

நல்ல வெயில். தோற்றோம், 0-1. கீப்பரின் இடது மூலையிலிருந்து நெஞ்சு உயரத்தில் பலமான அடி. சவரிமுத்து பாய்ந்தான். விரல் நுனி பட்டும் உள்ளே போயிற்று. கோ டின் நின்றிருந்தால் பந்து வருவதே தெரிந்திருக்காது.

பின்னால் ஒருவன்: "கோச்சேதான்யா தோக்க வெச்சான்."

கூட்டத்தில் மா செயின். மஞ்சள் லோஞ்சி கட்டியிருந்தாள். என் பக்கம் திரும்பாமலே போனாள்.

ஒரு வாரமாகக் காலையில் ரொட்டியும் டீயும். வயிறு நிறைகிறது. அவ்வளவுதான்.

பிப். 15, செவ்வாய்

கல்கத்தாவுக்குத் தந்தி: வருகிறேன். கியாக்டடா கப்பல் ஆபீசில் போய் டிக்கெட். கப்பல் நாளை மறுநாள். துரை ராஜினாமாவை வாங்கிக்கொண்டார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

பிப். 16, புதன்

காலையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் மா செயின். பின்னால் கோ டின், தலை குனிந்து. எல்லாம் சொல்லிவிட்டானாம். இடது கண் இனித் தேறாது, வலது கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர். பட்டறையிலும் அவனே போய்ச் சொன்னானாம். வேலை போகவில்லை. கேட் காவலுக்கு மாற்றிவிட்டார்கள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, சயா."

"வாக்குக் கொடுத்துட்டேன்."

"தெரிஞ்சிருந்தா நானே இவன் கையைக் காலைக் கட்டிப் போட்டிருப்பேன். அநியாயமா உங்களைப் பேசிட்டேன்."

அப்போதுதான் பெட்டியைப் பார்த்தாள். கல்கத்தா வேலையைச் சொன்னேன்.

"அங்க மொய்ங்கா கிடைக்குமா?"

"கிடைக்காதுன்னு நினைக்கிறேன்."

"அப்ப காலையில என்ன சாப்பிடுவீங்க?"

போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெட்டிக் கயிற்றை அங்கேயே அறுத்திருப்பேன். இருக்கட்டுமா என்று நானாவது கேட்டிருக்கலாம். பெட்டியின் பூட்டு சரியில்லை என்றாள். ஆமாம் என்றேன். போய்விட்டார்கள்.

பிப். 17, வியாழன்

கப்பலில். ஆற்றுத் தண்ணீர் செம்மண் நிறம். கரை முழுக்கப் பார்த்தேன். மஞ்சள் லோஞ்சி நாலைந்து. எதிலும் அவள் இல்லை.

டெக்கில் பக்கத்தில் பாய் விரித்திருந்தவர் அரிசி மில்லில் மேஸ்திரி. வெற்றிலை நீட்டினார்.

"தனியாவா? வீட்டுல வரலியா?"

"ரங்கூன்லதான் இருக்காங்க," என்றேன்.

"அவங்க பேரு?"

சொன்னேன்.