என் குரலில் கமலநாதனுக்குப் போன புத்திமதி

சேசு மரி சூசை துணை

பிரிக்ஃபீல்ட்ஸ்
வெள்ளிக்கிழமை மத்தியானம்

அன்புள்ள மகன் கால்வினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் இங்கே சுகம், டப்ளின் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை சொல்கிறேன், ஆனால் உன்மேல் இருக்கிற எரிச்சலில் நேற்று எந்த மணியில் இருக்கிறேன் என்பதே மறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. போனில் சொல்ல வந்தால் 'அம்மா மீட்டிங், அப்புறம் கூப்பிடறேன்' என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். உன் அக்கா எவலின் செமினியில் வாங்கின புது வீட்டில் மழை பெய்தால் சமையலறையில் வாளி வைக்க வேண்டியிருக்கிறது, கட்டினவன் போனை எடுப்பதே இல்லையாம். அப்பாவுக்கு முட்டிவலி, டாக்டர் நடக்கச் சொன்னார், அவரும் நடக்கிறார், தெருமுனை மாமாக் டீக்கடை வரைக்கும் நடந்து போய் இனிப்பாகத் தே தாரிக் டீ குடித்துவிட்டு வருகிறார், வலி குறையவில்லை, சர்க்கரைதான் ஏறுகிறது. இதெல்லாம் எப்போதும் உள்ளது. நான் எழுத வந்தது வேறு.

போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தபோது, வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் ஊருக்குப் பணம் அனுப்புகிற உங்கள் கம்பெனி ஆப்பில் பணத்தை எப்படிப் பார்த்துச் செலவு செய்வது என்று ஆளுக்குத் தகுந்த மாதிரி பாடம் சொல்லித் தரப் போகிறோம், தமிழில் ஒரு நல்ல குரல் வேண்டும் என்றாய். 'நீங்க கோயில்ல வாசகம் வாசிக்கிற குரல்மா, கேட்டா யாரும் நம்புவாங்க' என்று ஐஸ் வைத்தாய். நானும் உச்சி குளிர்ந்துபோய், சத்தம் வரக்கூடாது என்று காற்றாடியை நிறுத்தி, கதவைச் சாத்தி, வேர்வையில் நனைந்துகொண்டு நீ கொடுத்ததையெல்லாம் வாசித்தேன். ஏஜெண்டிடம் ஏமாறாதீர்கள், கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள், இதெல்லாம் நல்ல விஷயம்தான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நான் வாசித்ததை வைத்துக்கொண்டு நான் வாசிக்காததையும் என் குரலிலேயே மெஷின் பேசும் என்று எனக்குச் சொன்னாயா. சொன்னேன் என்பாய். 'ஏஐ வாய்ஸ்மா' என்று கோழிப் புரட்டலுக்கு நடுவில் வாயில் சோற்றோடு சொன்னாய், அதைச் சொன்னதாக வைத்துக்கொள்ள முடியுமா.

கமலநாதனை உனக்குத் தெரியும். நம் பிளாட்டுக்குக் கீழே முடிவெட்டும் கடையில் வேலை செய்கிறவன், பிழைக்கக் கடல் தாண்டி வந்த அறந்தாங்கிப் பக்கத்துக்காரன், நீ வந்தபோது தலைக்கு மசாஜ் செய்துவிட்டுக் காசு வேண்டாம் என்றானே, அவன்தான். சனிக்கிழமை அப்பா அங்கே முடி வெட்டிக்கொள்ளப் போனார். கழுத்தில் துணியைக் கட்டி ஒரு பக்கம் வெட்டி முடித்த நேரத்தில், கமலநாதனின் போன் 'வணக்கம் கமலநாதன், இந்த வாரம் உங்கள் சேமிப்பைப் பார்ப்போமா' என்று என் குரலில் கேட்டிருக்கிறது. அப்பா நாற்காலியில் பாதி எழுந்து, 'ஏய் லூசி, நீ எப்ப லா இங்க வந்த' என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாராம். கடையே சிரித்திருக்கிறது. அப்பா விஷயத்தைச் சொல்லியிருக்கிறார், நம்ம கால்வின் செய்த வேலை, மெஷின் பேசுது என்று. கமலநாதன் மட்டும் சிரிக்கவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, 'அப்ப ஆன்டி எனக்காகப் பேசி அனுப்பலியா அங்கிள்' என்று கேட்டானாம். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அப்பா மீதி முடியோடு மேலே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

கமலநாதனுக்கு ஊரில் ஒரே தங்கை, மாதவி. போன மாதம் அவள் மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீர் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும், முதல் சேலையும் முதல் மாலையும் மாமனிடமிருந்துதான் வர வேண்டும், வேறு யார் கொண்டுவந்தாலும் அது சீர் ஆகாது. இவனுக்கு லீவு கிடைக்கவில்லை, பணத்தை அனுப்பினால் சித்தப்பா மகன் இவன் பெயரைச் சொல்லித் தட்டு எடுத்துப் போவான் என்று ஏற்பாடு. எதற்காக அனுப்புகிறீர்கள் என்று ஆப் கேட்கிற இடத்தில் 'தங்கச்சி மகள் சடங்கு சீர்' என்று ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறான். அது போய் பிறந்தநாள் கேக்கும் பலூனும் இருக்கிற கணக்கில் விழுந்திருக்கிறது. உடனே என் குரல், 'கமலநாதன், உங்கள் கொண்டாட்டச் செலவு அளவை மீறுகிறது, இதைக் கொஞ்ச காலம் தள்ளிப்போட்டால் உங்கள் அவசரச் சேமிப்பு பத்திரமாக இருக்கும், யோசித்துப் பாருங்கள்' என்று சொல்லியிருக்கிறது. எனக்குப் போட்டுக் காட்டினான். அந்த 'யோசித்துப் பாருங்கள்' அச்சு அசல் நான்தான், பரீட்சை நேரத்தில் உன்னிடம் கெஞ்சுகிற அதே இழுவை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதால், ஆன்டி நமக்கென்று மெனக்கெட்டுப் பேசி அனுப்பியிருக்கிறார்கள் என்று நம்பிப் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டான். வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டானாம். இதில் இன்னொரு கூத்தைக் கேள். ஒருநாள் படிக்கட்டில் என்னைப் பார்த்து, 'நீங்க சொன்ன மாதிரியே நிறுத்திட்டேன் ஆன்டி' என்றான். சிகரெட்டை விட்டுவிட்டான் போலிருக்கிறது என்று நான் 'ரொம்ப நல்லதுப்பா' என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

சீர் வரவில்லை என்றதும் மாதவி புருஷனின் பங்காளி ஒருத்தன் மாமன் இடத்தில் நின்று அந்தப் பிள்ளைக்கு மாலை போட்டிருக்கிறான். பங்காளி மாமன் ஆவதை எந்த ஊரில் பார்த்தாய். ஊரே வாயில் கைவைத்துச் சிரித்திருக்கும். மாதவி அன்றிலிருந்து அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, போனை எடுத்தாலும் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் இதைச் சொன்னபோது, 'ஆயிரத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகும்மா, டீம்ல சொல்லி சரி பண்ணிடறோம்' என்றாய். அந்த ஒருத்தன் நம் வீட்டுக்குக் கீழே முடி வெட்டுகிறான், நான் தினமும் அவனைத் தாண்டித்தான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகிறேன். நீ முதல்முதல் நற்கருணை வாங்கின புதுநன்மைக்குப் பண்டமாரானிலிருந்து உன் தாய்மாமன் கென்னத் சூட்டும் ஷூவும் எடுத்துக்கொண்டு வந்தாரே, அப்போது அவருக்குத் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிற வேலை போய் வீட்டில் சும்மா இருந்தார், தெரியுமா உனக்கு. அவரிடம் உன் ஆப் இருந்திருந்தால் அதையும் தள்ளிப்போடச் சொல்லியிருக்கும், நீ அப்பாவின் பழைய டையைக் கட்டிக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நின்றிருப்பாய். சேமிக்கச் சொல்வதை நான் தப்பு என்று சொல்லவில்லை, இங்கே எத்தனையோ பேருக்கு அது தேவைதான். ஆனால் ஆளுக்குத் தகுந்த பாடம் என்று பெருமையடித்தாயே, அந்த ஆளின் வீட்டு முறை தெரியாமல் அது என்ன பாடம்.

சரி, நடந்ததை நாமே பேசித் தீர்ப்போம் என்று திங்கட்கிழமை கடைக்குப் போய், கமலநாதனின் போனிலிருந்தே மாதவியைக் கூப்பிடச் சொன்னேன். அண்ணன்மேல் தப்பில்லை, என் மகன் செய்த மெஷின்மேல்தான் தப்பு என்று சொல்லி மன்னிப்புக் கேட்க நினைத்தேன். 'மாதவி, நான் பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருந்து லூசி ஆன்டி பேசுறேன்மா' என்று ஆரம்பித்தேன், அவ்வளவுதான். 'இந்தக் குரல எனக்குத் தெரியும், இதைத்தான அண்ணன் அனுப்பிவச்சுச்சு. மன்னிப்புக் கேக்கக்கூட மெசின விட்டுப் பேச வைக்குதா எங்கண்ணன்' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சீர் அனுப்பாததற்குச் சமாதானமாக இவன் அந்தப் பாடத்தையே அவளுக்கு அனுப்பியிருக்கிறான், சனிக்கிழமை விஷயம் தெரிந்ததும் அது மெஷின் குரல் என்று மெசேஜும் போட்டிருக்கிறான், இதெல்லாம் எனக்குத் தெரியாது. மறுநாள் முகத்தையாவது காட்டலாம் என்று வீடியோவில் கூப்பிட்டோம், எடுக்கவில்லை. இப்போது அவன் நம்பரையும் என் நம்பரையும் அவள் எடுப்பதே இல்லை. கால்வின், எனக்கு அன்று அழுகை வந்துவிட்டது. கோயிலில் இத்தனை வருஷமாக வாசகம் வாசித்த குரலடா இது. இதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியில்லாமல் செய்துவிட்டாய்.

அதனால் நான் சொல்வதைச் செய். முதலில் என் குரலை அதிலிருந்து எடு, எடுத்துவிட்டோம் என்று உன் மேலாளர் சொன்னால் போதாது, நீ பார்த்துவிட்டுச் சொல். இரண்டாவது, சீரையும் மொய்யையும் கேக்கோடு சேர்க்காமல் இருக்க என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய், தெரியாவிட்டால் கமலநாதனைக் கேள், அவன் சொல்லித் தருவான். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ, பூசைக்குப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை, நீ பொய் சொல்ல வேண்டாம். ஆண்டவர் உன் கைவேலையை ஆசீர்வதிக்கட்டும், அது யார் வீட்டையும் பிரிக்காமல் இருக்கும்படியும் ஆசீர்வதிக்கட்டும். அப்பாவும் தன் ஆசியைச் சொல்லச் சொன்னார்.

மறந்துவிடாதே, மாதவியின் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட வேண்டும், உன் நம்பர் அவளுக்குத் தெரியாது, எடுப்பாள். எழுதி வைத்துக்கொண்டு வாசிக்காதே, எவலினைப் பேசச் சொல்லாதே, உன் வாயால் உன் தமிழில் பேசு. நீ 'மன்னிச்சிடுங்க' என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்று இடத்தில் தடுக்கி விழுவாய். விழுந்தால் பரவாயில்லை, அதைக் கேட்கிறவள் மெஷின் என்று நினைக்க மாட்டாள்.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கோபமாக இருக்கிற
அம்மா லூசி இருதயம்