ஆட்டுக்கு வைத்த பிண்ணாக்கு

1934 செப்டம்பர் 14

நம்ம ஊர்க் கரிசல் மண்ணுக்குப் போடுவதுபோல ஒரு மூட்டைப் பிண்ணாக்கையும் என் வீட்டுக்காரர் ஒரே நாளில் வெங்காயப் பாத்தியில் கொட்டினார். நாங்கள் கப்பலேறி வந்திருக்கும் இந்தத் தஞ்சோங் தோக்கோங்கோ கடலோர மணல். ஒரே மழையில் உரமெல்லாம் அடியில் இறங்கி, இன்று தாள் மஞ்சளாக நிற்கிறது.

"போச்சு லா, பிடுங்கிடு," என்றார், இங்கே பழகிய பேச்சில்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆட்டுக்கு வைத்திருந்த பிண்ணாக்கை எடுத்து ஊறவைத்துக் கரைத்தேன்.

"மணலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஊட்டணும், மச்சான்!" என்றேன் அவரிடம்.

பொழுது சாயப் போய்ப் பார்த்தால், அவரே சிரட்டையால் செடிசெடியாக ஊற்றிக்கொண்டிருக்கிறார். நடுக்குருத்து இன்னும் பச்சைதான்.

ஆடு பசியில் கத்துகிறது. கத்தட்டும். வெங்காயம் தேறினால் தாளெல்லாம் அதற்குத்தானே.