பின்னால் நடந்த அன்னங்கள்

உ

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
4-3-1972

அன்பு மகள் கிருஷ்ணவேணிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் தம்பி பழனியும் இங்கே சௌக்கியம். நீ அகமதாபாத்தில் சௌக்கியமா என்று காமாட்சியம்மனைத் தினமும் கேட்கிறேன், மாசித் திருவிழாக் கூட்டத்தில் அவள் காதில் என் குரல் விழுகிற மாதிரி தெரியவில்லை, ஆகையால் உன்னையே கேட்டுவிடுவது நல்லது. அம்மாவுக்குத் தோள் வலி குறைந்திருக்கிறது, ஆனால் குறைந்ததாக ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள். பழனி எஸ்.எஸ்.எல்.சி.க்குப் படிக்கிறான், அதாவது புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு தேர் பார்க்கிறான். நான் எட்டாவதோடு நின்றவன், கேள்வி கேட்டால் திருப்பி என்னையே கேட்டுவிடுவான் என்று பேசாமல் இருக்கிறேன்.

உனக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெற்ற பெண்ணுக்கு எப்படி நன்றி எழுதுவது என்று தெரியாமல் காகிதம் காகிதமாகக் கிழித்து அம்மாவிடம் பேச்சு வாங்கினேன். எங்கள் நெசவாளர் சொசைட்டி டிசைன் பிரிவு உனக்குத் தெரியும், மாடியில் தணிகாசலம் கட்டம் போட்ட காகிதத்தில் படம் வரைவார், கீழே கொட்டகையில் யேசுதாஸ் அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடித்து வரிசையாகக் கோத்துத் தருவார், அதைத் தறிக்கு மேலே மாட்டி வீராசாமி மாதிரித் துண்டு நெய்வார், மேஸ்திரி என்ற பேரில் நான் நடுவில் நிற்பேன். போன ஆயுத பூஜையில் படம் வரைகிற பலகைக்கு மாலை போட்டோம், அட்டை அடிக்கிற மிஷினுக்குப் பொட்டு மட்டும் வைத்தோம். மாலை பத்தவில்லை, வேறொன்றும் இல்லை. தணிகாசலம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அது இரும்புதானேப்பா, அதுக்கு இன்னாத்துக்கு மாலை" என்றார். "மாலை வேணாம்பா, மரியாதை இருந்தா போதும்" என்றார் யேசுதாஸ். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

அதற்கப்புறம் எல்லாம் என் வழியாகத்தான். மாடிக்கும் கொட்டகைக்கும் ஏறி இறங்கி என் முட்டி தேய்ந்தது. மேலே இருந்து "அந்த ஆளுக்குக் கண்ணு தெரியுதான்னு கேளு" என்று வரும், நான் கீழே போய் "ஐயா உங்களை விசாரிச்சார்" என்பேன். கீழே இருந்தும் அப்படித்தான் வரும். சண்டை வளரக் கூடாது என்று திட்டைக் கழித்துச் சொன்னேன், அதோடு சேர்ந்து விஷயமும் கழிந்து போனது எனக்கு உறைக்கவில்லை. நல்ல தூதன்தான் நான்.

தை பிறந்ததும் கல்யாணச் சேலைக்கு ஒரு புது டிசைன், கரை நெடுக அன்னம் வரிசையாக முந்தானையைப் பார்த்து நடக்க வேண்டும். மாதிரித் துண்டு வந்தது, அன்னமெல்லாம் முந்தானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறது. மேலேயும் கீழேயும் போய் "அன்னம் திரும்பணும்" என்றேன். யாரிடமும் அதற்கு மேல் சொல்லவில்லை. தணிகாசலம் படத்தையே திருப்பி வரைந்துவிட்டார். அது தெரியாமல் யேசுதாஸ் அட்டை வரிசையைக் கடைசியிலிருந்து மாற்றிக் கோத்துவிட்டார். இரண்டு பேரும் திருப்பினால் அன்னம் என்ன செய்யும், பழைய பக்கமே பார்த்தது. நாம் திருப்பியதால்தான் கெட்டது என்று இரண்டு பேரும் தனித்தனியே நினைத்து, அடுத்த தடவை ஒருவர் பழைய படத்தைக் கொடுத்தார், மற்றவர் பழைய மாதிரியே கோத்தார். மறுபடியும் முதுகு. சந்தில் எதிரெதிரே வருகிறவர்கள் வழி விடுகிறேன் என்று ஒரே பக்கம் ஒதுங்குவார்களே, அந்தக் கதைதான். ஆனால் இது எனக்கே அப்புறம்தான் விளங்கியது, அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை.

சொசைட்டித் தலைவர் மாதிரித் துண்டை மேஜையில் போட்டு, "இன்னொரு வாட்டி அன்னம் பின்னாலே நடந்துதுன்னா, நீங்க எல்லாம் முன்னாலே நடக்க வேண்டியதுதான், வாசல் கேட்டு அந்தப் பக்கம் இருக்குது" என்றார். பிரிவை மூடிவிட்டு டிசைனை பெங்களூரிலிருந்து வாங்கப் போவதாக ஆபீஸில் பேச்சு அடிபட்டது. தணிகாசலத்துக்கு இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள், யேசுதாஸுக்கு இந்த மிஷினை விட்டால் வேறு தொழில் தெரியாது, எனக்கோ எந்தத் தொழிலுமே தெரியாது. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது அம்மாவோடு மொச்சை உரித்துக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. நான் பேப்பர் படிப்பதாக நினைத்தாய், படிக்கவில்லை. உங்கள் மில் டிசைன் அறையில் எல்லாரும் ஒரே மேஜையைச் சுற்றி நிற்பீர்கள், ஒருவர் சொன்னதைக் கேட்டவர், தான் என்ன செய்யப் போகிறேன் என்று தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் சரி என்கிற வரை யாரும் நகரக் கூடாது என்றாயே. முதல் நாள் நீ சொன்ன நீலத்தைச் சாயக்காரர் பச்சையாகத் திருப்பிச் சொன்னதும் உனக்கு அழுகை வந்துவிட்டது என்றாய். இதெல்லாம் ஒரு வேலையா, வெட்டிப் பேச்சு என்று அன்றைக்கு நான் மனசுக்குள் சிரித்தேன் அம்மா.

அது ஞாபகம் வந்த மறுநாளே, முட்டி போய்விட்டது, இனி மாடி ஏற முடியாது என்று சொல்லி, பாதி நிஜம்தான், இரண்டு பேரையும் வீராசாமி தறிக்கு வரவழைத்தேன். ஒருவர் சுவரைப் பார்க்கிறார், ஒருவர் கூரையைப் பார்க்கிறார். நீ சொன்ன மாதிரியே செய்யச் சொன்னேன். தணிகாசலம் என்னைப் பார்த்துக்கொண்டே, "படத்தை நான் திருப்பிடறேன், போன மாசம் திருப்பின மாதிரி" என்றார். இப்போ நீங்க இன்னா பண்ணுவீங்க, சொல்லுங்க என்றேன் யேசுதாஸிடம். "அவர் படத்தைத் திருப்பறார், நான் அட்டையை," என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். அப்புறம் நேராகத் தணிகாசலம் முகத்தைப் பார்த்து, "போன மாசம் நீங்களும் திருப்பினீங்களா?" என்றார். "அப்போ நீயுமா?" என்றார் இவர். யேசுதாஸ்தான் முதலில் சிரித்தார். வீராசாமி தறிக் குழியிலிருந்து, "அன்னத்துக்குத் தலை சுத்தியிருக்கும்பா" என்றார். உடனே, நான் விட்டுடறேன், இல்லை நானே விட்டுடறேன் என்று இரண்டு பேரும் மரியாதைக்குச் சண்டை போட ஆரம்பித்தார்கள், இரண்டு பேரும் விட்டால் மறுபடியும் முதுகுதான் என்று நான் குறுக்கே விழுந்தேன். கடைசியில் படம் அப்படியே இருக்கட்டும், அட்டையை மட்டும் மாற்றிக் கோப்பது என்று முடிவாகி, அதை எல்லாரும் ஒருமுறை திருப்பிச் சொன்னோம், என்னையும் விடவில்லை.

அன்னம் முந்தானையைப் பார்த்து நடந்தது. தலைவர் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பிரிவு இருக்கட்டும் என்று ஆபீஸுக்குச் சொல்லி அனுப்பினார். தணிகாசலம் இப்போது மேஜையைக் கொட்டகைக்கே இறக்கிக்கொண்டு வந்துவிட்டார், காலையிலிருந்து ஓயாத பேச்சு, எனக்குத்தான் வேலை இல்லை. இது யார் சொன்ன யோசனை மேஸ்திரி என்று தலைவர் கேட்டபோது, என்னுடையது என்று சொல்ல நாக்கு நுனி வரை ஆசை வந்தது, பொய் சொல்வானேன். என் பெண் சொன்னது என்றேன். அதிலிருந்து கொட்டகையில் யாரும் என்னை மேஸ்திரி என்று கூப்பிடுவதில்லை. நான் பார்த்த எந்த உத்தியோகத்திலும் இப்படி ஒரு உயர்வு கிடைத்ததில்லை. அதற்கு நான் உனக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன் அம்மா.

வெய்யில் ஏறுகிறது, தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, ரொட்டி பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே. அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி தீர்ந்ததா என்று மறக்காமல் எழுது, இல்லாவிட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
கொட்டகையில் எல்லாரும் கூப்பிடுகிறபடி,
கிருஷ்ணவேணியோட அப்பா
(தர்மன்)