ஆறாவது கைப்பிடி

நவம்பர் 14, 1970

அன்புள்ள ராய்ஸ்,

இங்கே நானும் உன் அக்கா லோர்னாவும் அவள் பிள்ளைகளும் சுகம். டொராண்டோ குளிரில் நீயும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இந்த வரியில் உன் அப்பா இல்லை, கவனித்திருப்பாய். போன சனிக்கிழமை விடிகாலை ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார், செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்துவிட்டோம். உனக்கு வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு, அங்கேயே இருந்து கோபப்படு.

அவருக்கு ஏதாவது ஆனால் எல்லையைத் தாண்டி வந்துவிடுவேன் என்று டெலிபோனில் சொன்னாயே, நம் சாலையில் நாலு வீட்டுக்கும் ஒரே கம்பி, யார் எடுத்தாலும் பேச்சுக் கேட்கும் என்பது ஒரு வருஷத்தில் மறந்துவிட்டதா? நீ பேசும்போதே பக்கத்து வீட்டு எட்னாவின் கடிகாரம் அடிப்பது எனக்குக் கேட்டது. மறுநாள் கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பையன் வரானாமே தெல்மா, பெத்த மனசு குளிரும்” என்றாள். போன வருஷம் மலைக்கு அந்தப் பக்கம் பாட்டுத் திருவிழா நடந்தபோது, சேற்றில் பசியோடு நின்ற பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுத்துப் பேப்பரில் படம் போட்டுக்கொண்டவள் இவள்தான். எல்லாம் என் பிள்ளைகள் என்று சொன்னாளாம். அதில் ஒருவன் நீ, யுத்தத்துக்குப் போக மாட்டேன் என்று, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற சீட்டை மேடைக்கு முன்னால் கொளுத்தினவன் என்று தெரிந்ததும் சர்ச்சில் என் பெஞ்சை விட்டு எழுந்து போனவளும் இவள்தான். அன்றைக்கு அவள் போட்டிருந்த பச்சைத் தொப்பி வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அப்பா மன்னித்தாரா என்று கேட்பாய். அவரும் ஒரு யுத்தத்துக்குப் போய் வந்தவர், உன் பெயரையே சொல்ல மாட்டார். கடைசி வாரத்தில் மட்டும், அவனை வரச் சொல்லாதே, பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். அதை மன்னிப்பு என்று வைத்துக்கொள்வது உன் பாடு.

அவர் சொன்னபடியே கடைசி பெஞ்சில் இரண்டு அரசாங்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பளபளக்கிற ஷூ, நம் ஊர்ச் சேற்றுக்கு அப்படி யார் போட்டு வருவார்கள்? சவப்பெட்டிக்கு ஆறு கைப்பிடி, முன்னால் இடது பக்கம் மூத்த மகனுடையது. பாதிரியார் வேறு ஆளைப் போடட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். ஐந்து பேர் தூக்கினார்கள், படி இறங்கும்போது பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. உன்னைப் பிடிக்க வந்தவர்களில் இளையவன், உன் வயசுதான் இருக்கும், ஓடி வந்து உன் பிடியைப் பிடித்தான். நல்ல மனசோடுதான் பிடித்தான் என்கிறாள் லோர்னா. அவன் மனசு எனக்கு எதற்கு? “கைய எடு தம்பி. அந்த எடத்துக்கு ஆள் இருக்கு, நீங்கதான் வரவிடாம வச்சிருக்கீங்க” என்றேன். எல்லாருக்கும் கேட்டது. எடுத்துவிட்டான். வீங்கின முழங்காலோடு குழி வரைக்கும் நானே பிடித்துக்கொண்டு போனேன். எட்னா ஓரமாக நின்று அழுதாள். அழட்டும்.

உன் பங்குச் சுமை முடிந்தது, அதற்காக இனி ஓடி வராதே. மாடுகளை லோர்னா வீட்டுக்காரர் கறக்கிறார். நீ நல்ல கம்பளிச் சட்டையாக ஒன்று வாங்கிக்கொள். டெலிபோன் செய்யாதே, லோர்னா விலாசத்துக்கு எழுது. ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். உன்னை உள்ளே விடுகிற நாள் என்று ஒன்று வந்தால் நேராக வீட்டுக்கு வராதே, முதலில் கல்லறைக்குப் போ. நான் இருந்தால் கூட வருவேன், இல்லாவிட்டால் அங்கேயே இருப்பேன்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா
தெல்மா